சட்டவிரோத நந்தி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். செங்கல்பட்டில் ஒரு மாவு மில் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதம் படித்து நான் கற்றுக்கொண்டது இரண்டே விஷயம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். எது கெட்டாலும் அணைத்துவிட்டு மறுபடி போட வேண்டும். இந்த இரண்டுக்கும் சேர்த்து, தங்க நிற ஓரம் வைத்த சான்றிதழ் ஒன்று கொடுத்தார்கள். அப்பா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, எங்கள் கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் தன் கல்யாண போட்டோவுக்கு மேலே மாட்டினார். "நம்ம சுமதி கம்ப்யூட்டர் இன்ஜினியர் மாதிரி" என்று எல்லாரிடமும் சொன்னார். (ஒரே வாரத்தில் அந்த 'மாதிரி' காணாமல் போய்விட்டது.)

அந்த வருடம்தான் அக்காவை மாமல்லபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவள் மாமனாருக்குச் சிற்பப் பட்டறை. வெளிநாட்டுக்கெல்லாம் சிலை போகும். கல்யாணமாகி நான்கு மாதம். பெண் வீட்டிலிருந்து எது வந்தாலும் தூக்கிப் பார்த்து எடை போடுகிற பருவம். அப்போது அங்கிருந்து போன் வந்தது. கம்ப்யூட்டரில் மெயில் நன்றாகத்தான் வேலை செய்கிறதாம், அட்ரஸ் புக்கைத் திறந்தால் மட்டும் எல்லாம் பட்டென்று மூடிக்கொள்கிறதாம். அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதோ சுமதியை அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

போனேன். பட்டறை வாசலில் ஆளுயர மரப்பெட்டி ஒன்று, உள்ளே வைக்கோலில் புதைந்து ஒரு கருங்கல் நந்தி. பெல்ஜியத்துக்காரர் ஒருவர் தன் தோட்டத்துக்காக ஆசைப்பட்டுக் கேட்டது. துறைமுகத்துக்குக் கொண்டுபோக மூன்று மணிக்கு லாரி வரும். பெட்டியின் அளவையும் கப்பலின் பெயரையும் அன்று மாலைக்குள் அவருக்கு மெயிலில் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் வேண்டாம் என்று அவர் கறாராக எழுதியிருந்தார். அவருடைய விலாசமோ அட்ரஸ் புக்கில் மட்டும்தான் இருந்தது. வந்த கடிதங்களை எல்லாம் மாமா (அக்காவின் மாமனாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) அன்றன்றே அழித்துவிடுவார். படித்த கடிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவர் கட்சி. மெயில் விவகாரம் தெரிந்த அத்தான் கல் பார்க்க வந்தவாசிப் பக்கம் போயிருந்தார். செல்போன் இன்னும் எல்லார் சட்டைப் பைக்கும் வந்திராத காலம்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். உளியைக் கீழே வைத்துவிட்டு நான்கு சிற்பிகள் பின்னால் வந்து நின்றார்கள். அட்ரஸ் புக்கைத் திறந்தேன். மூடிக்கொண்டது. அணைத்துப் போட்டேன். மூடிக்கொண்டது. என் ஆறு மாதப் படிப்பு அத்துடன் முடிந்தது. அக்கா காதருகே வந்து, "உன் அத்தான் அதைத் திறக்கவே மாட்டாருடி, வேற மாதிரி பண்ணுவாரு" என்றாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் எனக்குச் சொல்லித் தருவதா என்று, காப்பி கிடைக்குமா எனக் கேட்டு அவளை உள்ளே அனுப்பினேன்.

மூன்றாவது தடவை மூடும்போது திரையில் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்தது. மாமா குனிந்து பார்த்தார். "இன்னாம்மா எய்திகீது?"

இங்கிலீஷ் தெரிந்தவள் என்று காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? வார்த்தைக்கு வார்த்தை, கணீரென்று தமிழில் சொன்னேன். "சட்டவிரோதமான காரியம் நடந்திருக்கு மாமா. அதனால மூடப் போறாங்களாம்."

மாமாவின் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. போன வருடம் துறைமுகத்தில் ஓர் அதிகாரி, அவர் செய்த சிலையைப் பார்த்து, இவ்வளவு நன்றாக இருக்கிறதே, பழைய கோயில் சிலையாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு மூன்று நாள் உட்கார வைத்திருந்தார். நன்றாகச் செதுக்கியதற்காகத் தண்டனை வாங்கிய மனுஷன். "போன தபா அவுங்க கேட்டாங்க. இப்ப இதுவே சொல்லுது" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். அது வெறும் கம்ப்யூட்டர் பாஷை, சென்டரில் தினம் நாலு தடவை வரும், பட்டறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும்: அப்படியானால் ஏன் மூடுகிறது? அது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சம்பந்தி வீட்டில் சொல்வதற்குப் பதிலாக, நோயாளியின் எக்ஸ்ரேயைப் பார்க்கிற டாக்டர் போல "ம்" என்றேன். இன்று நினைத்தாலும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

அந்த 'ம்' போதுமானதாக இருந்தது. மூன்று மணிக்கு வந்த லாரியை மாமா வெறுமையாகத் திருப்பி அனுப்பினார். உளிச் சத்தம் நின்றுவிட்டது. வெள்ளைக்காரருக்காவது உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று அவர் துடித்தபோது, காப்பியோடு வந்த அக்கா விலாசக் கட்டத்தில் அந்த பெல்ஜியத்துக்காரர் பெயரின் முதல் மூன்று எழுத்தைத் தட்டினாள். முழு விலாசமும் தானாக வந்து நின்றது. அத்தான் தினமும் அப்படித்தான் செய்வாராம். அட்ரஸ் புக்கைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

மாமா சொல்லச் சொல்ல நான் தட்டினேன். சட்டவிரோதமான காரியம் ஒன்றின் காரணமாக எங்கள் நந்தி நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, மன்னிக்கவும். நல்ல இங்கிலீஷ், ஒரு பிழை கிடையாது. பெல்ஜியத்திலிருந்து அதற்குப் பிறகு ஒரு புள்ளிகூட வரவில்லை.

மறுநாள் திரும்பிய அத்தான் எதையெதையோ நோண்டிக் காரணத்தைக் கண்டுபிடித்தார். எந்தப் புத்தகமானாலும் பிள்ளையார் சுழி போட்டுத்தானே தொடங்க வேண்டும்? மாமா அந்த வாரம் அட்ரஸ் புக்கில் முதல் பெயராக 'உ' என்று ஏற்றியிருக்கிறார். விலாசம் காலி. பிள்ளையாருக்கு ஏது மெயில்? அதைப் பார்த்துத்தான் அந்த மெஷின் மிரண்டிருக்கிறது.

அக்கா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நான்கு மாதத்தில் அங்கே அவள் சம்பாதித்த பெயரை ஒரே மத்தியானத்தில் நான் கெடுத்துவிட்டு வந்திருந்தேன். மாமாதான் பெரிய மனசு பண்ணினார். என் கல்யாணத்துக்கு வந்து மாப்பிள்ளையின் தோளில் கை போட்டு, "பொண்ணு தங்கம் நைனா. இங்கிலீசுல மட்டும் ஒண்ணியும் கேட்டுறாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நந்தி விற்கவே இல்லை. இன்றும் பட்டறை வாசலில் வழியை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதனால் அந்த வீட்டில் என்னை யாரும் சுமதி என்பதில்லை, நந்தினிதான். போன மாதம் மாமா ஒரு போன் நம்பர் தேடித் தரச் சொல்லி என்னிடம் தன் செல்போனை நீட்டினார். அதிலும் நான் நந்தினியாகத்தான் இருந்தேன். எல்லாப் பெயருக்கும் மேலே, நம்பர் இல்லாமல், 'உ' இருந்தது.