ஒன்பது சென்டிமீட்டர்

மேற்குப் பக்கத்துப் பொறியாளரும் என் அக்காவின் கணவருமான அத்தானுக்கு,

கிழக்குப் பக்கத்திலிருந்து உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌகரியம். உங்கள் சௌகரியத்தை நான் கேட்காமலே அக்கா தினமும் சொல்லிவிடுகிறாள்; முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பது வரை எனக்குத் தெரியும்.

நாம் பேசி எட்டு மாதமாகிறது. அன்றைக்குக் கூட்டத்தில் இருபது பேர் முன்னால் "உன் தூண் சாஞ்சிருக்குடா"ன்னு நீங்கள் சொல்லியிருக்க வேண்டாம். "கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாருங்க"ன்னு நானும் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லியாயிற்று. அதற்கப்புறம் பாலம் இரண்டு மலையிலிருந்தும் நீண்டு நீண்டு, உங்கள் நுனிக்கும் என் நுனிக்கும் நடுவே இப்போது மூன்று மீட்டர்தான் பாக்கி. எதிரெதிரே நின்றுகொண்டு, "அளவு என்னன்னு அவங்களைக் கேளுப்பா"ன்னு நான் என் மேஸ்திரியிடம் கத்த, "காது கேக்கலைன்னு சொல்லுப்பா"ன்னு நீங்கள் உங்கள் மேஸ்திரியிடம் கத்த, கீழே நூற்றிருபது மீட்டர் பள்ளம், மேலே இந்தக் கூத்து. ஆட்களெல்லாம் சிரிக்கிறாங்க அத்தான்.

போன வாரம் அளந்ததில் என் நுனி உங்களுடையதைவிட ஒன்பது சென்டிமீட்டர் உயரம். நாளை மறுநாள் நடுவில் கான்கிரீட் போட வேண்டும். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால், நம் இருவரில் ஒருவரை வேறு வேலைக்கு மாற்றிவிடுவதாகத் தலைமைப் பொறியாளர் சொல்லிவிட்டார். யாரை என்று சொல்லவில்லை, பாவி மனுஷன்! எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னை மாற்றினால் பரவாயில்லை, உங்களை மாற்றினால் அக்கா என் முகத்தில் விழிப்பாளா? "வீம்பைக் கொஞ்சம் இறக்கி வைங்களேன், எல்லாம் சரியாப் போயிடும்"ங்கிறாள் என் வீட்டுக்காரி.

ஆகவே நான்தான் விட்டுக்கொடுத்தேன். இரண்டு நாளாக மூக்கு நுனி தெரியாத மூடுபனி. அதுவும் நல்லதாகப் போயிற்று, நீங்கள் பார்க்கவில்லை. என் நுனியில் ஆறு பெரிய தொட்டிகளை ஏற்றித் தண்ணீர் நிரப்பினேன், பாரத்தில் பாலம் கொஞ்சம் தாழட்டும் என்று. அது லேசில் நடந்ததா? பம்பு நடுவில் நின்றது, அதைச் சரி செய்தால் குழாய் பிய்த்துக்கொண்டது, அதைக் கட்டினால் கம்பி கட்டுகிறவர்கள் தொட்டித் தண்ணீரில் சட்டை துவைக்கிறார்கள், அவர்களை விரட்டினால் சமையல்காரர் நாலு வாளியோடு வந்து நிற்கிறார். "யோவ், இது தண்ணி இல்லய்யா, எடை!"ன்னு கத்தினேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். உங்கள் பக்கத்திலிருந்து வேறு இரண்டு நாளும் இரும்பு இழுக்கிற சத்தம். எனக்கு எரிச்சல் மூட்டத்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இன்று காலையோடு ஒன்பது சென்டிமீட்டர் தாழ்த்தியாயிற்று. நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், நன்றிகூடச் சொல்ல வேண்டாம். போனில் பேசினால் குரல் உடைந்துவிடும் என்றுதான் கடிதம். அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள், உங்கள் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும்.

இப்படிக்கு,
விட்டுக்கொடுத்த மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டப்போனேன், பனி விலகிவிட்டது. ஐயோ அத்தான், இப்போது உங்கள் நுனி என்னுடையதைவிட ஒன்பது சென்டிமீட்டர் உயரமாக நிற்கிறது! உங்கள் நுனியில் பாரமாக இருந்த ஜெனரேட்டர், கம்பிக்கட்டு ஒன்றையும் காணோம். உங்கள் மேஸ்திரியைக் கேட்டால், "மச்சினன் பிடிவாதக்காரன், இறங்க மாட்டான், நாமளே ஏத்திக்குவோம்னு சார் எல்லாத்தையும் பின்னால தள்ளச் சொல்லிட்டாரு" என்கிறார். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? உடனே தொட்டிகளைத் திறந்துவிட்டேன். மூன்று காலியான பிறகு நிமிர்ந்தால், உங்கள் ஆட்கள் கம்பிக்கட்டை மறுபடி நுனிக்கு இழுத்து வருகிறார்கள்! நிறுத்தச் சொல்லுங்க, எதையும் தொடாதீங்க, பள்ளத்தாக்கைச் சுற்றி நானே அங்கே வருகிறேன் என்று உங்கள் மேஸ்திரியிடம் கத்திவிட்டு ஜீப் சாவியை எடுத்தேன். அதற்குள் உங்கள் மேஸ்திரி அங்கிருந்தே கத்துகிறார்: "சார் உங்களைப் பாக்கத்தான் கிளம்பிட்டாரு, அரைமணி நேரமாச்சு!"

சரி, நான் நகரவில்லை. வாங்க அத்தான். கடிதத்தைக் கையிலேயே தருகிறேன், படிக்காமல் கிழித்துப் போடுங்கள்.