சங்கராபரணத்தில் ஒரு ஜெர்மன் தாலாட்டு

சங்கீதம் படித்தவர்களுக்கு அர்த்தம் தெரியாமல் பாடுவதில் பயமே கிடையாது. சின்ன வயதிலிருந்து தெலுங்குக் கீர்த்தனை பாடுகிறேன். தெலுங்கில் ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்கத் தெரியாது. ஆனால் கடவுளிடம் உருகி உருகி எதையோ கேட்டிருக்கிறேன். (என்ன கேட்டேனோ, இன்னும் கிடைக்கவில்லை!)

எங்கள் வாத்தியாரின் முறை அப்படி. அவர் ஒரு வரி பாடுவார், நாங்கள் அப்படியே திருப்பிப் பாட வேண்டும். அப்படியே என்றால் அப்படியேதான். அவருக்குச் சளித் தொல்லை. இரண்டாவது வரிக்கு முன்னால் "க்ஹ்ம்" என்று செருமுவார். நாங்களும் செருமினோம். அது பாட்டில் சேர்த்தியில்லை என்று எங்களுக்கு யார் சொன்னது? இன்றைக்கும் எந்தப் பாட்டை எடுத்தாலும் இரண்டாவது வரிக்கு முன்னால் எனக்கு அந்த "க்ஹ்ம்" வந்துவிடும்.

நான் கண்டி டவுனில் புடவைக்கடையில் வேலை செய்பவள். வெள்ளிக்கிழமைகளில் கோயில் தூணுக்குப் பின்னால் நின்று பாடுவேன். தூண் இல்லாத இடத்தில் பாடியதில்லை. அப்படிப்பட்ட என்னிடம்தான் நாவலப்பிட்டித் தங்கச்சியின் மகள் தர்ஷினி வந்து நின்றாள். அவளுக்கும் லூக்காஸ் என்ற ஜெர்மன்காரருக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"பெரியம்மா, என் கல்யாணத்துல நீங்க மேடையில பாடணும்."

"மேடையா? கடையில 'பில் போடுறது அந்தப் பக்கம்'னு சொல்லவே எனக்கு வெக்கமா இருக்கு, புள்ள."

அவள் கண் கலங்கிவிட்டது. "லூக்காஸோட அம்மாவுக்கு இந்தக் கல்யாணத்துல மனசே இல்ல. ஒரே மகன் தூரமாப் போயிட்டான்னு நெனைக்கிறாங்க. அவர் சின்னப் புள்ளையா இருக்கும்போது அவங்க பாடின தாலாட்டு ஒண்ணு இருக்கு. நம்ம பக்கத்துல ஒருத்தர் அதைப் பாடினா அவங்க மனசு எளகும்."

பிள்ளையின் வாழ்க்கை என் தொண்டையில் வந்து மாட்டிக்கொண்டது. சரி என்றுவிட்டேன்.

லூக்காஸ் அந்தத் தாலாட்டைத் தன் குரலில் பாடி என் போனுக்கு அனுப்பினார். கேட்டதுமே எனக்குப் பரவசம். அச்சொட்டாகச் சங்கராபரணம் போல இருந்தது! முதல் மூன்று வரி தணிவாகப் போய், நான்காவது வரி திடீரென்று மேல் ஸ்தாயிக்கு எகிறியது. "கார்டோஃபெல்ன்! ஹேர்ட் அவுஸ்!" நம் கீர்த்தனைகளில் அனுபல்லவி எகிறுவதில்லையா? அதே மாதிரி! அதன் பிறகு கொஞ்சம் அமைதி, கொஞ்சம் தடதடவென்ற சத்தம். (அவர்கள் ஊர்த் தாளம் போலிருக்கிறது.) பிறகு மறுபடி தணிந்த வரிகள்.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சாதகம் செய்தேன். "ஒருக்கா போன்ல பாடிக் காட்டுங்களேன்" என்று தர்ஷினி எத்தனையோ முறை கேட்டாள். வெட்கத்தில் ஒரு வரிகூடப் பாடிக் காட்டவில்லை. அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

கல்யாண நாள். கண்டியில் விடாத மழை, மண்டபம் நிறையச் சனம். முன்வரிசைக் கதிரையில் லூக்காஸின் அம்மா கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். வந்து இறங்கியதிலிருந்து சிரிக்கவே இல்லையாம். சுருதிப்பெட்டி ஒலித்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு தொடங்கினேன்.

முதல் வரி. "க்ஹ்ம்." இரண்டாவது வரி. லேசாகக் கண்ணைத் திறந்து பார்த்தேன். சம்பந்தியம்மா கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்! உருகுகிறார்! எனக்கு வந்த வேகத்தைச் சொல்லி முடியாது. மூன்றாவது வரியைத் தாண்டி நான்காவதில் ஏறினேன். "கார்டோஃபெல்ன்! ஹேர்ட் அவுஸ்!" மிருதங்கக்காரர் உற்சாகமாகி முத்தாய்ப்பாக ஒரு தீர்மானம் வைத்தார். எங்கள் சொந்தக்காரர்கள் "ஆஹா!" என்றார்கள். விடுவேனா? அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நிரவல் செய்தேன். கார்டோஃபெல்ன்... கா...ஆ...ஆர்டோஃபெல்ன்... கமகம் கொடுத்து, குழைத்து, கெஞ்சி, கதறி!

லூக்காஸின் முகம் பீட்ரூட் ஆகியிருந்தது. தர்ஷினி கல்யாண மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். (பக்தி என்று நினைத்தேன்.)

சம்பந்தியம்மா எழுந்து நேராக மேடைக்கு வந்தார். தோள் குலுங்கியது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார்.

"என்ன புள்ள கேக்குறாங்க?"

தர்ஷினி மாலையிலிருந்து தலையை எடுத்தாள். "அடுப்பை நிறுத்தியாச்சான்னு கேக்குறாங்க, பெரியம்மா."

"எந்த அடுப்பு?"

"லூக்காஸ் பாட்டைப் பதிவு பண்ணும்போது உருளைக்கிழங்கு தீஞ்சிருச்சாம். 'ஐயோ கிழங்கு, அடுப்பை நிறுத்து'ன்னு கூட இருந்தவர்கிட்டக் கத்தியிருக்காரு. அதையும் சேத்துப் பாடிட்டீங்க!"

மண்டபமே அதிர்ந்தது. எங்க வீட்டுக்காரரின் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. நான் ஒளிவதற்குச் சமையற்கட்டுக்குள் ஓடினேன். அங்கே பெரிய தாச்சியில் என்ன வெந்துகொண்டிருந்தது தெரியுமா? உருளைக்கிழங்குப் பிரட்டல்.

பின்னாலேயே சம்பந்தியம்மா வந்தார். தாச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வந்ததும் உண்மையான நான்காவது வரியைப் பாடிக் காட்டினார். நான் அப்படியே திருப்பிப் பாடினேன். அவர் தலையை ஆட்டினார். அது வேண்டாமாம். தாச்சியைக் கைகாட்டி, "கார்டோஃபெல்ன்" என்றார். பாடினேன். அவரும் கூடவே பாடினார். தேடி வந்த தர்ஷினி வாசலில் நின்று அழுதுகொண்டே சிரித்தாள்.

இப்போது எங்கள் வீட்டில் எது அடிப்பிடித்தாலும், எங்க வீட்டுக்காரர் எழுந்து போய் அடுப்பை நிறுத்த மாட்டார். கதிரையில் சாய்ந்தபடி மேல் ஸ்தாயியில் "கார்டோஃபெல்ன்" என்று இழுப்பார். நாவலப்பிட்டியில் தங்கச்சியின் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட அந்த வரி பாடம்.

போன மாதம் தர்ஷினிக்கு லூக்காஸின் ஊரில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையைச் சம்பந்தியம்மா தூங்க வைப்பதைப் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். போனைக் காதில் வைத்துக் கேட்டேன். கிழங்கு வரி வந்தது, கமகத்தோடு வந்தது! அதைக்கூட எதிர்பார்த்துத்தான் இருந்தேன். ஆனால் அதற்கு முன்பே, முதல் வரி முடிந்து இரண்டாவது வரி தொடங்குவதற்கு முன்னால், அந்த அம்மா நிறுத்தி நிதானமாகச் செருமினார்.

"க்ஹ்ம்."

எங்கள் வாத்தியாரின் சளி ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.