காற்றுக் குமிழி ஒழிப்பில் ஓர் அலுவலகத்தின் சாதனை

உலகில் வேறெந்த நாட்டிலும், நீர்நிலைகளைக் காப்பதற்கென்று ஏற்படுத்திய அலுவலகம் ஒரு விவசாயிக்குப் புகைப்படக் கலை கற்றுக்கொடுத்ததில்லை. அந்தப் பெருமை 2004இல் கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ‘ஏரி நலப் பிரிவு’க்குக் கிடைத்தது. கற்றுக்கொண்ட பாக்கியசாலி பச்சையப்பன்.

அவருக்கு மூன்று ஏக்கர் நெல், ஏரிப் பாசனம். தொழிற்பேட்டைக் கழிவுநீர்க் குழாய் ஒன்று அந்த ஏரிக்குள் ‘இளைப்பாற’ வந்த நாள் முதல் மதகில் இடுப்பளவு நுரை, நாற்றெல்லாம் மஞ்சள். இந்தப் போகமும் போனால் நிலத்தை விற்க வேண்டியதுதான். எனவே புகாரோடு கொடுக்க, இரவல் கேமராவில் நுரையைப் படம் எடுத்தார். ஸ்டுடியோ ஹனீப் பாய் அந்த ஃபிலிமைத் தொடவே பயந்தார். கம்பெனிக்காரர்களின் அடையாள அட்டைப் படமெல்லாம் அவர் எடுப்பதுதான். மனசு கேட்காமல், ஃபிலிம் கழுவும் பழைய டேங்க்கையும் மருந்துகளையும் படம் போடும் தாளையும் கொடுத்து முறையைச் சொல்லி அனுப்பினார். பச்சையப்பன் வீட்டுக் குளியலறை இருட்டறையானது. குடும்பமே பம்புசெட்டில் குளித்தது.

ஏரி நலப் பிரிவு அதிகாரி துளசிராமன் புகாரோடு வந்த படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டும் பார்த்தார்.

“ஏரியில நுரை இல்லப்பா. ஃபிலிம் கழுவும்போது காத்துக் குமிழி ஒட்டிக்கினு இருக்குது. அந்த எடத்துல மருந்து புடிக்கல.”

“குமிழி ஒட்டுனா படத்துல கறுப்பாதான் சார் புள்ளி வுழும். இது வெள்ளையா கீது.”

“கறுப்பு வெள்ளை ஃபிலிம்தான? ரெண்டும் வரும்.”

விஞ்ஞானம் இப்படித்தான் வளர்கிறது. ஒரே வாரத்தில் ‘காற்றுக் குமிழித் தடத் தவிர்ப்பு நெறிமுறைகள்’ மூன்று பக்கத்தில் முத்திரையுடன் வந்து சேர்ந்தது. ஃபிலிமை முதலில் ஒரு சொட்டு ஷாம்பு கலந்த தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். டேங்க்கைச் சாய்த்துப் பிடித்து மருந்தைப் பதறாமல் ஊற்ற வேண்டும். பிறகு மூடி, தரையில் நாலு தட்டு தட்ட வேண்டும். குறை சொல்ல முடியாது. அத்தனையும் சரியான யோசனை. ஏரிக்குத்தான் ஒரு யோசனையும் அதில் இல்லை.

பச்சையப்பன் ஊறவைத்தார், சாய்த்தார், தட்டினார். அம்மி கொத்த ஆள் வந்திருக்கிறது என்று நினைத்துப் பக்கத்து வீட்டம்மா தன் அம்மியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த படத்திலும் நுரை. ‘இன்னும் பலமாகத் தட்டவும்’ என்று குறிப்பு வந்தது. மூன்றாவது படம் பளிச்சென்று விழுந்தது. வானத்தில் ஒரு புள்ளி இல்லை, எருமை மேல் ஒரு புள்ளி இல்லை, குழாயில் எழுதியிருந்த எண்கூடத் தெரிந்தது. நுரை மட்டும் நுரையாகவே இருந்தது. பச்சையப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

துளசிராமனுக்கும் தாங்கவில்லை. எழுந்து நின்று கைகொடுத்தார். ‘குமிழியற்ற சிறந்த படம்’ என்று பாராட்டிதழ் கொடுத்தார். கூடவே ஒரு நோட்டீஸும் கொடுத்தார்: வீட்டில் ஃபிலிம் கழுவிய மருந்துத் தண்ணீரையும் ஷாம்புவையும் கலந்து, அறுபது ஏக்கர் ஏரியில் நுரை உண்டாக்கிய குற்றத்துக்காக உங்கள் மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?

பச்சையப்பன் இரண்டு முறை படித்தார். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டார்.

“ஏரியில நுரை இருக்குதுன்னு நீங்களே சீலு போட்டுக் குடுத்துட்டீங்க, ரொம்ப தேங்க்ஸ் சார். அதுல ஒரு பக்கெட்டு என்னுது, ஒத்துக்கிறேன். மீதி நுரை யாருதுன்னு இந்தப் பேப்பர்லயே கீழ எழுதிக் குடுங்க.”