டோல்கோர் டீச்சர் கட்டிப்போட்ட கணக்கு வாத்தியார்

"நான் நாளைக்கே கிளம்புறேன்! இந்தப் புகைக்குள்ள தொங்கவிட நான் என்ன உப்புக்கண்டமா?"

"மெதுவாப் பேசு, பத்ராக் தம்பி. பிள்ளைங்க கேக்குது."

"கேக்கட்டும் டீச்சர்! கண்ணுல தண்ணி கொட்டுறதைப் பார்த்துட்டு, வாத்தியார் தினமும் அழறார்னு வீட்டுல போய்ச் சொல்லியிருக்குதுங்க!"

தலைமையாசிரியை டோல்கோர் அன்றே தன் அறையிலிருந்த நல்ல அடுப்பைக் கழற்றி அவன் வகுப்பில் மாட்டினாள். பழைய அடுப்பின் வரட்டிப் புகையை அதன்பிறகு அவள் தின்றாள்.

காரணம் இருந்தது. தலைநகர் உலான்பாத்தரில் சொத்னோம் என்ற பஸ் ஓட்டுநர், மனைவியை இழந்தவர், இவளுக்காகக் காத்திருந்தார். நாற்பதைத் தாண்டிய டோல்கோருக்கு வந்த ஒரே வரன் அது. எங்கள் ஊரில் இந்தச் சேதி தெரியாதவை ஒட்டகங்கள் மட்டுமே. தலைநகருக்கு மாற்றல் கேட்டபோதெல்லாம் மாகாணக் கல்வி அதிகாரி ஒரே பதிலைச் சொன்னார்: "ஒரு கணக்கு வாத்தியாரை அங்கே நிலையா உட்கார வையுங்க. மறுநாளே உங்களை விட்டுடறேன்."

உட்கார்ந்தால்தானே? ஒருவன் கிட்டாரோடு வந்து கிட்டாரோடு போனான். அடுத்தவன் கொரியா விசாவுக்குக் காத்திருந்தவன், வந்ததும் பறந்தான். இப்போது பத்ராக், பந்தயக் குதிரைக்காரர் வீட்டுப் பிள்ளை. நாற்காலியில்கூடச் சேணத்தில் உட்கார்வது போலத்தான் உட்காருவான்.

அடுப்பு சரியானதும் அடுத்த புலம்பல் வந்தது. "சாயங்காலமானா இந்த ஊர்ல என்னதான் டீச்சர் பண்றது?"

டோல்கோர் பெற்றோர்களைக் கூட்டினாள். "சொந்தமா நாலு ஆடு இருக்கிறவன் ஊரை விட்டுப் போவானா? வீட்டுக்கு ஒண்ணு கொடுங்க." கொடுத்தார்கள். பத்ராக்கின் முகம் மலர்ந்தது.

ஞாயிறுதோறும் சொத்னோமின் அழைப்பு வரும். "சமையலறை ஜன்னலுக்குத் திரை வாங்கணும். நீல நிறமா, மஞ்சளா?"

"பொறுங்க, நானே வந்து பார்த்து வாங்குறேன். வாத்தியாருக்கு ஆடு வந்தாச்சு."

குளிர்காலத்தில் ஓநாய் இறங்கியது. இரவெல்லாம் பட்டியருகே விழித்திருந்த பத்ராக், பகலெல்லாம் வகுப்பில் குறட்டை விட்டான். விழித்திருந்த நேரத்திலும், "எக்ஸ் என்பது காணாமற்போன ஆடு" என்றுதான் பாடம் நடத்தினான்.

ஆடு பார்க்க வீட்டில் ஆள் இருந்தால் இவன் பள்ளியைப் பார்ப்பான். டோல்கோரே மேய்ப்பர் வீடு வீடாக ஏறி இறங்கி, ஸாயா என்ற பெண்ணைப் பேசி முடித்தாள். ஊர்ப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். "தன் கல்யாணத்துக்காக ஊரான் கல்யாணத்துக்கு ஓடுறாளே, பாவம்!"

புத்தாண்டான வெள்ளை மாதப் பண்டிகை முடிந்த கையோடு கல்யாணம். தன் பெட்டியிலிருந்த நீலப் பட்டுத் துணியை டோல்கோர் மணப்பெண்ணுக்குக் கொடுத்தாள். அது எதற்காக வாங்கிய பட்டு என்று யாரும் கேட்கவில்லை. மாமனார் சீராக ஒரு மந்தையையே ஓட்டிவந்தார்.

"திரை?" என்றார் சொத்னோம் அந்த ஞாயிறு.

"இன்னும் கொஞ்ச நாள்தான். கல்யாணமே பண்ணி வச்சுட்டேன்!"

"யாருக்கு?" என்று கேட்டார் அவர்.

வசந்தத்தில் ஆடுகள் குட்டி போட்டன; புல் முளைக்கவில்லை. ஒரு காலையில் பத்ராக் குதிரைமேல் பள்ளி வாசலுக்கு வந்தான்.

"மந்தை பட்டினி கிடக்குது டீச்சர். வடக்கே புல் இருக்காம். கூடாரத்தைப் பிரிச்சாச்சு."

"தம்பி, பிள்ளைங்களுக்குப் பரீட்சை…"

"நீங்க எனக்குத் தெய்வம் டீச்சர். வாத்தியாரா வந்தவனை மனுஷனாக்கிட்டீங்க!"

ஸாயா வண்டியிலிருந்து கையசைத்தாள். பயணம் நல்லபடி அமையட்டும் என்று வழக்கப்படி அவர்கள் போன திசையில் டோல்கோர் பாலைத் தெளித்தாள். பாதிப் பால் அவள் காலணியிலேயே கொட்டியது.

பத்ராக்குக்கு ஆண் குழந்தை பிறந்தது; இப்போது அந்த வடக்குப் பக்கத்திலேயே பெரிய மந்தை அவனுடையது. சொத்னோம் கோடையில் திரை வாங்கக் கடைக்குப் போனார். கடைக்காரி நல்ல பெண்ணாம், அவளையே கட்டிக்கொண்டார். திரை மஞ்சள் நிறம் என்று கேள்வி.

இலையுதிர்காலத்தில், எல்லா வாத்தியார்களையும் கொண்டுவந்து இறக்கிய அதே வேனில், அதே ஓட்டுநர் தம்பா புதிய ஒருவனை இறக்கினார். முதுகுப்பையைக் கழற்றாமலே நின்றவன், "திரும்பிப் போற வண்டி எப்போ?" என்று கேட்டான்.

டோல்கோர் தம்பாவுக்கு உப்புத் தேநீர் ஊற்றினாள். "இவனையாவது எப்படியாவது நிறுத்திடணும் தம்பாண்ணே. எனக்கு மாற்றல் கிடைச்சிடும். இனி போய் என்ன செய்யப் போறேன்னு கேக்காதீங்க."

தம்பா கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"இது எனக்குக் கடைசிப் பயணம் டீச்சரம்மா, அதனால சொல்றேன். ஒவ்வொரு வருஷமும் ஆளைப் பொறுக்கும்போது கல்வி அதிகாரி ஆபீஸ்ல சொல்றது இதுதான்: 'நல்ல தலைமையாசிரியை கிடைக்கறது குதிரைக்கொம்பு. டோல்கோர் அந்த ஊரை விட்டுப் போகாம இருக்கணும்னா, நிலைக்காத பையனாப் பார்த்து அனுப்பு.'"