இடப்பக்கம் ஏன் உயர்ந்தது?

ஆல்டர் க்ரீக், ஆரிகன்
புதன்கிழமை காலை (நாளை நன்றித் திருநாள்)

பெறுநர்: திருமதி குவின்டெரோ, புகார் அதிகாரி, கான்ட்ராக்டர் உரிம வாரியம்.

பொருள்: என் வீட்டு கராஜுக்குப் போகும் கான்கிரீட் பாதை குறித்து கான்ட்ராக்டர் லானி ப்ரூபேக்கர் மேல் நான் கொடுத்த புகார். அதை முடித்துக்கொள்ளும் படிவத்தில் கையெழுத்திட மறுத்தல்.

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நானும் நாய் வாலஸும் இங்கே சுகம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் சுகமாக இருக்கவேண்டும் என்றும், போன முறை இங்கே வந்தபோது என்னால் நனைந்த தங்கள் காலணிகள் இதற்குள் காய்ந்திருக்கவேண்டும் என்றும் வேண்டிக்கொள்கிறேன்.

தாங்கள் அனுப்பிய படிவம் கிடைத்தது. 'வேலை திருப்தியாக முடிந்தது' என்ற வரிக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டு, இன்று மாலை ஐந்து மணிக்குள் அது தங்கள் கைக்கு வந்து சேரவேண்டும் என்றும், சேராவிட்டால் லானியின் பெயருக்கு நேரே 'புகார் நிலுவையில்' என்றே பதிவில் நிற்கும் என்றும், திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தார் அவர்களுடைய பஸ் நிறுத்துமிடத்துக்குக் கான்கிரீட் போட ஆள் தேர்ந்தெடுக்கும்போது அது அவன் பிழைப்பைக் கெடுக்கும் என்றும் தொலைபேசியில் பக்குவமாகச் சொன்னீர்கள். எல்லாம் புரிந்தது. ஆனாலும் கையெழுத்துப் போடுவதாக இல்லை. ஏன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டு முன்வாசலுக்குப் பதினோரு படி. என் மனைவி மார்ஜீனுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்து, நவம்பரில் ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். படியேற முடியாதவள் வீட்டுக்குள் வர கராஜ் ஒன்றுதான் வழி, அதற்குப் போகும் பழைய பாதையோ வெடித்துப் போய் நடக்கிறவர் காலை வாரிக்கொண்டிருந்தது, அதனால்தான் செப்டம்பரில் லானியைக் கூப்பிட்டோம். லாரிக் கதவில் லைசென்ஸ் எண்ணைத் தட்டு அகலத்துக்கு எழுதிவைத்திருப்பவன், இருபது வருஷமாக இதே தொழில். பழையதைப் பெயர்த்தான், ஜல்லி பரப்பினான், கான்கிரீட்டின் விளிம்பு மட்டத்துக்கு ஓரப் பலகை அடித்தான், நூல் கட்டினான், மறுநாள் கான்கிரீட் ஊற்றினான், கல்யாணத்துக்கு இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருந்தது. முதல் மழை பெய்தது. இடப்பக்கமாக ஓடி இறங்கவேண்டிய தண்ணீர், இடப்பக்கம் இரண்டு விரல் உயர்ந்து கிடந்ததால் திரும்பி, நேரே கராஜுக்குள் குடியேறிவிட்டது. கிறிஸ்துமஸ் அலங்காரப் பெட்டி மிதந்தது. தொழுவத்துப் பொம்மைகளில் மூன்று ஞானிகளும் பெத்லகேம் போகாமல் ஃப்ரீசருக்கு அடியில் போய்ச் சேர்ந்தார்கள். அதெல்லாம் போகட்டும். டிசம்பரில் அந்தத் தண்ணீர் கதவடியில் உறைந்து கண்ணாடியாகும். புது இடுப்போடு வாக்கரைப் பிடித்துக்கொண்டு வருகிறவள் அதில் கால் வைத்தால் என்ன ஆகும்? அதுதான் அம்மா என் பயம். மற்றதெல்லாம் வெறும் கோபம்.

லானியை வரச்சொன்னேன். வந்தான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரசமட்டம் வைத்துப் பார்த்தான்.

"இடப்பக்கம் தூக்கிடுச்சு மிஸ்டர் ஹாகன். அந்தப் பகுதியை அறுத்து எடுத்துட்டு மறுபடி ஊத்தித் தரேன். செலவு என்னோடது."

"அது கெடக்கட்டும். ஏன் தூக்குச்சு?"

"நான் சரியா பார்க்கல."

"முந்தின நாள் சாயங்காலம் நீ ரெண்டு தடவை மட்டம் வெச்சுப் பார்த்ததை நான் ஜன்னல் வழியாப் பார்த்தேனே. அப்புறம் எப்படித் தூக்கும்?"

"தூக்கிடுச்சு. விடுங்க."

'விடுங்க'வாம்! காரணம் சொல்லாதவன் என் மண்ணில் கால் வைக்கக்கூடாது என்று சொல்லி, பாதைக்குக் குறுக்கே கயிறு கட்டி, 'லானி ப்ரூபேக்கர் வரக்கூடாது' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். பிறகு, தங்கள் வாரியத்தின் விதிப்படி, இத்தனை நாளாகியும் ஏன் சரிசெய்ய வரவில்லை என்று கேட்டு அவனுக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். வராதே என்று சொன்னதும் நான்தான், மறுக்கவில்லை. ஆனால் மானமுள்ளவன் வராதே என்று சொன்னவுடன் வராமல் இருந்துவிடுவதா? அவன் கையெழுத்துப் போட்டுத் தபாலை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டான். முப்பது நாள் காத்திருக்கவேண்டும் என்பது விதி, காத்திருந்தேன், இன்னொரு பதிவுத் தபாலும் அனுப்பினேன், அதையும் வாங்கிக்கொண்டான், அதன்பிறகே தங்களிடம் புகார் கொடுத்தேன். இவ்வளவும் மார்ஜீனுக்குத் தெரியாது. ஆபரேஷனுக்கு முன்னால் ரத்த அழுத்தம் ஏறக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், அவளுக்கோ லானி என்றால் ஒரு வாஞ்சை, அதனால் நூலகத்தில் உட்கார்ந்து ஒளித்து ஒளித்து எழுதினேன். அவளிடம், லானிக்கு வேறு வேலை இருக்கிறது, முடித்துவிட்டு வருவான் என்று சொல்லிவைத்தேன். அட்டையைக்கூட அவள் வெளியே வரும் நேரத்தில் திருப்பிவைத்துவிடுவேன்.

அவளை ஆபரேஷனுக்குச் சேர்த்த மறு வாரம் தாங்கள் வந்தீர்கள். பன்னிரண்டு நாளாகக் கொட்டிய மழை அன்றைக்கென்று நின்று வெயில் பல்லைக் காட்டியது. புகார் கொடுத்தவன் பொய்யன் ஆகிவிடக்கூடாதே என்று தோட்டத்துக் குழாயைத் திறந்து தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று காட்டப்போனேன், குழாய் வாய் பிய்த்துக்கொண்டு தங்கள் காலணியைத் தேடிப் போனது. தாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையை மறக்கமாட்டேன். நனைந்த காலோடே நின்று இரு தரப்பையும் கேட்டு, எங்களைக் கையெழுத்திட வைத்தீர்கள். லானி பத்து நாளில் தன் செலவில் சரிசெய்யவேண்டும். நான் கயிற்றை அவிழ்க்கவேண்டும். மூன்றாவது நிபந்தனை, வீட்டுக்காரர் வேலையாட்களிடம் எதுவும் சொல்லக்கூடாது. அந்த மூன்றாவதைப் படிக்கும்போது தாங்கள் என்னையே பார்த்தது எனக்குத் தெரியும்.

நிபந்தனையை நான் மீறவில்லை. அண்டைவீட்டுப் புல்தரையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பேசியது முழுக்க நாயோடுதான்.

"வாலஸ், அந்த ஓரத்துல இன்னும் கரணை ஓடல, பார்த்தியா? கண்ணு இருக்கிறவனுக்குத் தெரியும்."

லானி நிமிரவே இல்லை. "வாலஸ், உன் எஜமானர்கிட்டச் சொல்லு. அது இன்னும் இறுகல. இறுகினப்புறம்தான் ஓட்டணும்."

"வாலஸ், இருபது வருஷம் அனுபவம் இருக்கிறவனே போன தடவை கோட்டை விட்டான்னு சொல்லு."

"நான் சரியா பார்க்கலன்னு அப்பவே ஒத்துக்கிட்டேன்னு சொல்லு வாலஸ்."

இவ்வளவு தூது போன வாலஸுக்கு நடுவிலே இருப்புக் கொள்ளவில்லை. நான் கையை ஆட்டிப் பேசியதில் வார் நழுவி, ஈரக் கான்கிரீட்டின் குறுக்கே ஓடிப்போய் லானியின் முகத்தை நக்கிவிட்டு, வந்த வழியே திரும்பி வந்தது. லானி முழங்காலில் உட்கார்ந்து ஒவ்வொரு தடமாக மெழுகி அழித்தான். முணுமுணுக்கக்கூட இல்லை. இப்படிப்பட்டவனை எப்படி அம்மா திட்டுவது?

வேலை முடிந்தது. ஆறு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், ஆறும் ஒழுங்காக இடப்பக்கம் இறங்கின. கால்ஃப் பந்து உருட்டினேன், அதுவும் அப்படியே. ஒரு குறை கிடைக்கவில்லை, அதுவே பெரிய எரிச்சல். அவன் சாமான்களை லாரியில் ஏற்றும்போது கடைசியாகக் கேட்டேன்.

"ஏன்னு மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போ. உடனே கையெழுத்துப் போடறேன்."

"எழுத ஒண்ணும் இல்ல மிஸ்டர் ஹாகன்."

"அப்போ கையெழுத்தும் இல்ல."

"உங்க இஷ்டம். அவங்க எப்ப வீட்டுக்கு வராங்க?"

"புதன்கிழமை."

"அதுக்குள்ள நல்லா இறுகிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அம்மா, நான் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன். பின்சீட்டிலிருந்து 'ஒண்ணும் இல்ல' என்று ஒரு குரல் வந்தால் அங்கே தவளையாவது இருக்கும், அடிதடியாவது இருக்கும். லானி எதையோ மறைக்கிறான். வளைந்த பலகையை வைத்தானா, காலையிலேயே குடித்துவிட்டு வந்தானா, தெரியாது. இதை மறைத்தவன் நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் எதை மறைப்பானோ, அங்கே நடந்துபோகிறவர்கள் எல்லாம் குழந்தைகள். அவன் காரணத்தை எழுத்தில் தரும்வரை புகார் நிலுவையிலேயே நிற்கட்டும். இதில் எனக்கு மாற்று எண்ணம் கிடையாது.

தங்கள் வீட்டு வான்கோழி கருகாமலும், விருந்துக்கு வரும் உறவினர் சண்டை போடாமலும், பண்டிகை நல்லபடியாக நடக்க என் மனமார்ந்த வாழ்த்துகள்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
ஆர்வில் ஹாகன்

பி.கு. மதியம் மூன்று மணி. மேலே எழுதியதைத் தபாலில் போடாமல் சமையலறை மேஜையில் வைத்துவிட்டு மார்ஜீனை அழைத்துவரப் போனேன். நல்ல மழை. வாக்கரை ஊன்றி அந்தப் பாதையில் தானே நடந்து கராஜுக்குள் வந்தாள், காலடியில் தண்ணீர் தேங்கவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மழையில் யாருக்குத் தெரியப்போகிறது. உள்ளே போய் காபி போட்டுக்கொண்டு திரும்பினால் அவள் கையில் இந்தக் கடிதம்.

"ஆர்வில், லானி மேலயா புகார் குடுத்திருக்க? லைசென்ஸ் ஆபீசுக்கா?"

"நீ டென்ஷன் ஆகாதே. டாக்டர் சொல்லியிருக்கார்."

"அடக் கடவுளே. நான்தான் ஆர்வில்."

"என்ன நீதான்?"

"பலகையைத் தூக்கினது."

கான்கிரீட் ஊற்றிய அன்று, வேலையாட்கள் வருவதற்கு முன்னால், காலை ஆறு மணிக்கு, இரவு உடையோடு வெளியே போயிருக்கிறாள். இடப்பக்கம்தான் அவளுடைய டேலியாப் பூப்பாத்தி. தண்ணீரெல்லாம் அங்கே இறங்கினால் கிழங்கு அழுகிப்போகும் என்று, என் காரின் ஜாக்கியை எடுத்துவந்து, ஓரப் பலகைக்கு அடியில் கொடுத்து, இரண்டு விரல் ஏற்றி, அடியில் ஓட்டுத் துண்டுகளைச் சொருகி, ஜல்லியைத் தள்ளி மூடிவிட்டு வந்து படுத்துக்கொண்டாள். நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேனாம்.

"அந்த இடுப்போடயா?"

"டேலியாவாச்சே. உன்கிட்டச் சொன்னா கத்துவ. கொஞ்சூண்டுதானே, தண்ணி தெருப் பக்கம் போயிடும்னு நெனச்சேன்."

முதல் மழையன்று கராஜில் தண்ணீரைப் பார்த்ததும் பயந்துபோய் லானிக்கு ஃபோன் பண்ணி அழுதிருக்கிறாள். அவன் சொன்னானாம்: "நீங்க மொதல்ல ஆபரேஷன் பண்ணிக்கிட்டு நடந்து வீடு வந்து சேருங்க. அப்புறம் நீங்களே அவர்கிட்டச் சொல்லிக்கோங்க. யாரும் உங்களைப் பத்தி என் வாயிலேருந்து கேக்கமாட்டாங்க." ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போய்ப் பார்த்திருக்கிறான். என் புகாரைப் பற்றி அங்கேயும் மூச்சு விடவில்லை. நான் அவளிடம் மறைத்ததையும் அவள் என்னிடம் மறைத்ததையும் அவன் ஒருவனே சுமந்துகொண்டு, என் பதிவுத் தபால்களுக்கும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

உடனே அவனுக்கு ஃபோன் போட்டேன்.

"லானி, ஏன் சொல்லல? திங்கக்கிழமை அந்த வேலை கைவிட்டுப் போயிருந்தா?"

"கான்கிரீட் லாரி வந்து நின்னப்ப நான் இன்னொரு தடவை மட்டம் பார்த்திருக்கணும் மிஸ்டர் ஹாகன். பார்க்கல. நான் பொய் சொல்லலியே" என்றான்.

குடித்துவிட்டு வந்தானா என்று எழுதிய கை இது.

கடிதத்தைக் கிழிக்கப் போனேன். மார்ஜீன் விடவில்லை. "நீ எழுதினதும் இருக்கட்டும், நான் பண்ணினதும் இருக்கட்டும். ரெண்டையும் அந்தம்மா படிக்கட்டும்" என்கிறாள். காரணம் எழுத்தில் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன் அல்லவா, என் கையாலேயே எழுதித் தருகிறேன். கையெழுத்திட்ட படிவம் இத்துடன் இருக்கிறது. 'திருப்தி' என்ற சொல்லை மூன்று முறை அடிக்கோடிட்டிருக்கிறேன், அப்படிச் செய்தால் படிவம் செல்லாது என்றால் வேறொன்று கொடுங்கள், போட்டுத் தருகிறேன்.

படிவத்தின் பின்பக்கம், லைசென்ஸ் இல்லாமல் கட்டுமான வேலை செய்கிறவர்களுக்கு அபராதம் என்று போட்டிருக்கிறது. இந்த வழக்கில் அப்படி ஒரு ஆள் இருப்பது இப்போது தங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு வயது அறுபத்தொன்பது, முதல் குற்றம், வாக்கரோடு தப்பி ஓடவும் முடியாது. கருணை காட்டவேண்டும்.

இன்று தபாலில் போட்டால் ஐந்து மணிக்குள் வந்து சேராது. நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன். நாற்பது மைல், பண்டிகைக் கூட்டம், கொட்டுகிற மழை. ஐந்து மணி ஆகும் தறுவாயில் ஒரு கிழவன் நனைந்துபோய் தங்கள் ஆபீஸ் கதவை இடித்தால், அம்மா, தயவுசெய்து திறந்துவிடுங்கள்.