மூன்று ஆபீஸுக்கும் ஒரே பிள்ளையார் சுழி

அறிவு தண்ணீர் மாதிரி, நிறைய இருக்கும் இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத் தானாக ஓடும் என்று நான் நம்பியிருந்தேன். இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவே ஒரு பிளாப்பி போய்வந்தால் போதும்; விஷயம் தெரிந்தது சொல்லிக்கொடுக்கும், தெரியாதது வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொள்ளும். (மனிதர்களிடமே நடக்காதது. இயந்திரத்திடம் எப்படி எதிர்பார்த்தேனோ.)

எண்பதுகளின் கடைசி. பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை. மாரண்டஹள்ளி, தருமபுரி, பொம்மிடி என்று மூன்று ஆபீஸ். மூன்றிலும் தலா ஒரு கம்ப்யூட்டர். தலைமை ஆபீஸ் என்று எதுவும் கிடையாது. எந்த ஊரில் புழுவுக்கு என்ன நோய் வந்தது, என்ன செய்ததும் நின்றது என்று விவசாயிகள் சொல்வதை அந்தந்த ஆபீஸில் தட்டச்சு செய்து சேர்ப்பார்கள். (தமிழைத்தான், ஆங்கில எழுத்தில்.) அத்தனை குறிப்புகளும் ஏறிய ஒரு பிளாப்பி, அட்டைப்பெட்டிக்குள் பத்திரமாக, பஸ் கண்டக்டர் கையில் ஊர் ஊராகப் போகும். அதை நம் இயந்திரத்தில் ஏற்றி, நம்முடைய புதுக் குறிப்பைச் சேர்த்து, அடுத்த ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

சேலத்தில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் படித்த மேதை நான், மாரண்டஹள்ளிக்குப் பொறுப்பாக வந்தேன். வந்ததும் எங்கள் வீட்டு வழக்கப்படி புதுப் பக்கம் திறந்து பிள்ளையார் சுழி போட்டேன். தமிழ் எழுத்து இல்லாததால் ஆங்கில U. பழைய குறிப்புகளின் பெயரிலேயே சேமித்தால் சுழி போய் அவற்றின் தலையில் உட்கார்ந்துகொள்ளும் என்பது என் கணக்கு. பழையதை அழிக்கட்டுமா என்று இயந்திரம் கேட்டது. ஏதோ மரியாதைக்குக் கேட்கிறது என்று நினைத்து, சரி என்றேன். பிளாப்பியிலும் அப்படியே ஏற்றி, பஸ்ஸில் அனுப்பிவிட்டு, திருப்தியாக டீ குடித்தேன்.

மறுநாள் காலை ஆரோக்கியசாமி அண்ணன் வந்தார். அந்த வருஷம்தான் முதல்முறையாகப் புழு வளர்க்கிறார். கதவோரம் கிடந்த மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"புழு வீங்கிப் போயி, தொட்டா பாலு மாதிரி ஒழுவுதுங்க. தழையே தின்ன மாட்டேங்குது. இன்னும் நாலு நாள்ல கூடு கட்டணும்."

"எத்தனை தட்டு?"

"நாப்பதுங்க. புழு வூட்டுக்குள்ள இருக்குது, நாங்க மாட்டுக் கொட்டாயில படுத்துக்கறோம்."

"கவலப்படாதீங்க. எல்லாம் இதுக்குள்ள இருக்குது" என்று இயந்திரத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் திறந்தேன். திரையில் ஒரு U இருந்தது. அதற்குக் கீழே எதுவும் இல்லை.

தருமபுரிக்குப் போன் போட்டேன். அங்கே பொறுப்பு ஸ்டெல்லா மேடம். "பெட்டி நேத்தே வந்துச்சுங்க. ஏத்திட்டேன். இப்ப இங்கயும் U தான் இருக்குது. ஏதாச்சும் ரகசியமுங்களா?"

"பிளாப்பி எங்கங்க?"

"பொம்மிடிக்கு அனுப்பிட்டனே."

பொம்மிடி ஆபீஸ் போன் செத்துக் கிடந்தது. அங்கே ஏற்றுவதற்குள் போய்ப் பிடித்தாக வேண்டும். "சாயங்காலத்துக்குள்ள மருந்தோட வரேன்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு ஓடி, முதலில் நகர்ந்த பஸ்ஸில் தாவி ஏறினேன். ஜன்னலோரமாக உட்கார்ந்து, பிள்ளையாரிடம் தனியாக மன்னிப்பும் கேட்டேன். வெகுதூரம் போன பிறகு கண்டக்டர் வந்தார்.

"பொம்மிடி ஒண்ணு."

"இது ஓசூர் வண்டி, சார்."

இறங்கி, எதிர் பஸ்ஸுக்குக் காத்திருந்து, பாலக்கோடு, தருமபுரி என்று மாறி மாறி பொம்மிடி சேர்ந்தபோது ஆபீஸ் பூட்டியிருந்தது. ஸ்டேஷன் பெஞ்சில் படுத்தேன். தூக்கம் வரவில்லை, நாற்பது தட்டுப் புழுவும் என் சட்டைக்குள் ஊர்வது மாதிரியே இருந்தது.

காலையில் அங்கே பொறுப்பிலிருந்த கோவிந்தராஜ் சார் வந்து கதவைத் திறந்தார். மேஜைமேல் அட்டைப்பெட்டி கட்டிய கயிறுகூட அவிழாமல் இருந்தது.

"ஏத்தலைங்களா, சார்?"

"அதெல்லாம் நான் எங்க பிரிக்கறேன்ப்பா, வந்தபடியே அனுப்பிடுவேன். மூணு மாசமா அந்த மிஷின் பக்கமே போவல."

அவர் சோம்பேறித்தனத்தை வாழ்த்தியபடி கம்ப்யூட்டர்மேல் மூடியிருந்த உறையை உருவினேன். (உறைமேல் அவருடைய துண்டு காய்ந்துகொண்டிருந்தது.) கடைசி மூன்று மாதம் தவிர எல்லாக் குறிப்புகளும் பத்திரமாக இருந்தன. பால் நோய்க்கு மருந்தில்லை. நோய்ப் புழுவைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மற்றவற்றின்மேல் உடனே சுண்ணாம்புத் தூள் தூவினால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று இருந்தது. ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு பஸ் பிடித்தேன். இந்த முறை பலகையை இரண்டு தடவை படித்தேன்.

அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது மதியம். கழுவிய தட்டுகள் சுவரில் சாய்ந்து காய்ந்துகொண்டிருந்தன. கட்டில்கள் மாட்டுக் கொட்டாயிலிருந்து வீட்டுக்குள் திரும்பியிருந்தன.

"ராத்திரியோட எல்லாத்துக்கும் ஒட்டிக்கிச்சுங்க. குழி தோண்டி மூடிட்டோம்" என்றார். பிறகு கையை நீட்டினார். "சீட்டக் குடுங்க. அடுத்த வாட்டிக்கு ஆவும்."

அவர் மனைவி எனக்கு மோர் கொண்டுவந்தார். அதைக் குடித்ததுதான் அன்றைக்குக் கஷ்டமாக இருந்தது.

இந்தக் கதை என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் எதையாவது சாயங்காலத்துக்குள் முடிப்பதாகச் சொன்னால் என் மனைவி காற்றில் விரலால் ஒரு U போட்டுவிட்டுப் போவாள். மகளும் பழகிக்கொண்டாள். நானும் சிரிப்பேன்.

அவர்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. வேலையை விட்டுக் கிளம்பும்போது ஆபீஸைக் கூட்டினேன். கதவோரம் கிடந்த மூட்டையை நகர்த்தினேன். அன்று காலை அண்ணன் உட்கார்ந்திருந்த அந்த மூட்டையில் இருந்தது சுண்ணாம்புத் தூள்.