அக்கா துவைத்த ஆராய்ச்சி

1979 மார்ச் 8, வியாழக்கிழமை, மாலை நாலே முக்கால். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. உப்பளப் பக்கமிருந்து காற்று அடித்தது. தூத்துக்குடியில் துணி காய அதைவிட நல்ல நாள் அமையாது. கல்லூரி ஆய்வகத்திலிருந்து, நான் தங்கியிருந்த அக்கா வீட்டுக்கு வந்தபோது, கொடியில் அத்தானின் துறைமுகச் சீருடை இரண்டு செட்டும் மயில்கழுத்து நிறத்தில் ஆடிக்கொண்டிருந்தன. காலையில் அவை வெள்ளை.

அந்த நிறம் என்னுடையது.

சியோலைட் என்று ஒரு கனிமம். உள்ளே கண்ணுக்குத் தெரியாத அறைகள். அறைகளுக்குச் சின்ன வாசல்கள். கோபால்ட்டை உள்ளே ஏற்றி, இன்னொரு பொருளைச் சேர்த்துச் சூடாக்கினால் அறைக்குள்ளேயே பெரிய நீல மூலக்கூறு உருவாகிவிடும். அறைக்குள் வைத்துச் செய்த கட்டிலைப் போல, பிறகு அது வெளியே வர முடியாது (அக்காவிடம் இதைப் பல தடவை அளந்திருக்கிறேன்). கந்தக நாற்றத்தைக் காற்றிலுள்ள ஆக்சிஜனைக்கொண்டே போக்குகிற வினையூக்கி அது. ஆனால் வெளிப்புறத்தில் ஒட்டிய நீலத்தைக் கரைப்பானில் மூன்று நாள் ஓயாமல் கழுவவேண்டும். கழுவும் கருவியைக் குளிர்விக்கக் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். எங்கள் குழாயிலோ காலையில் இரண்டு மணி நேரம் வந்தால் பெரிய காரியம். அந்த இரண்டு மணி நேரத்தோடு கழுவலை முடித்துக்கொண்டேன் (யாரு பாக்கப் போறா?).

பார்க்கப்போகிறவர் மறுநாள் வருவதாக இருந்தது. வெளியூர்ப் பேராசிரியர். நீலம் உள்ளேதான் இருக்கிறது என்று அவர் ஒப்புக்கொண்டால் என் உதவித்தொகை நீளும். இல்லாவிட்டால் ஆராய்ச்சிக்கு முழுக்கு. ஆய்வகத்து எலி கவிழ்த்துவிடுமோ என்று பயந்து பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்து குளியலறை மாடத்தில் வைத்தவன் நான்தான். அங்கே நீலப் பொடியைக் கண்டால், வெள்ளைத் துணிக்குப் போடும் நீலம் என்றில்லாமல் அக்கா வேறு என்ன நினைப்பாள்? பாதியைத் துணியில் முடிந்து, வாளியில் நன்றாகக் கலக்கி, வெள்ளைத் துணியை முக்கிவிட்டாள்.

"அது வினையூக்கிக்கா! கலர் வெளிய வரவே வராது!"

"வராதாம்லா! ஏலே, ஒங் கட்டிலு வாசலத் தாண்டி வந்து ஒங்கத்தான் சட்டையில படுத்துக் கெடக்கு, பாரு!"

மறுநாள் பேராசிரியர் என் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நீலச் சீருடையை மாட்டிக்கொண்டு அத்தான் ஆய்வகத்துக்குள் வந்தார்.

"ஏலே மாப்ள, இங்கன ஆசிட்டு கீசிட்டு இருக்கும்லா? இத வெளுத்துத் தா. கப்பல்காரனே என்னயப் பாத்துச் சிரிக்கான்."

"இவர் யார்?" என்றார் பேராசிரியர்.

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"எம் பொண்டாட்டி தம்பி சார். நீலம் செய்யுத படிப்பு படிக்கான்" என்று அத்தான் முந்திக்கொண்டார்.

முழுக்கதையையும் அவரே சொன்னார், நடித்தும் காட்டினார். பேராசிரியர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, சட்டைக் கையை விரலால் தேய்த்தார்.

"சோப்புத் தண்ணிக்கே இவ்வளவு வந்திருக்கே தம்பி. எவ்வளவு நேரம் கழுவினீங்க?"

சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அத்தான் பையிலிருந்து ஒரு முடிச்சை எடுத்தார். "தொவச்ச மிச்சத்த ஒங்கக்கா குடுத்துவிட்டா." பிரித்தால் பொடி வெளிறியிருந்தது; ஆனாலும் நீலம்.

"இதை ஒழுங்காக் கழுவுங்க. அதுக்கப்புறமும் மிஞ்சுற நீலம்தான் உங்களுது. அதுவரைக்கும் நான் எதுலயும் கையெழுத்துப் போடல."

தண்ணீருக்கு அத்தான் வழி செய்தார். மீன் இறங்குதுறையிலிருந்து ஐஸ் கட்டிகள் சைக்கிளில் வந்தன. வாளித் தண்ணீரையே ஐஸ் போட்டுச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டோம். மூன்று நாள் முடிவில் பொடியில் வெளிர்நீலம் நின்றது. அதற்குமேல் இறங்க மறுத்தது. அதைப் போட்டுக் காற்றை ஊதியதும், அழுகிய முட்டையாய் நாறிய தண்ணீர் சாதுவாகிவிட்டது. கையெழுத்தும் வந்தது.

கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று பார்க்கும்போதெல்லாம் அக்கா இன்றும் சொல்லுவாள்: "பட்டத்துல பாதி நான் தொவச்சது. எம் பேருக்கு முன்னாலயும் போடச் சொல்லுலே." போடச் சொல்லலாம்தான். ஆனால் அத்தானுக்குப் புதுச் சீருடைத் துணி, தையற்கூலி, ஐஸ் கட்டி எல்லாவற்றுக்கும் காசு கொடுத்தவன் நான்: நூற்றுப் பதினெட்டு ரூபாய் நாற்பது பைசா.